இடது ஓரத்துச் சின்ன மிதி

ஷெட் தரையில் இருந்த ஈரத்தை முதலில் பார்த்தவர் வெண்டல்தான்.

"என்னடா மைலோ, உன் மகாராணி கிளம்புறதுக்கு முன்னாடி இங்கயே ஒண்ணுக்குப் போயிட்டாளா?" என்றார், கையில் காபிக் கோப்பையோடு.

மைலோ ராடிச் சிரித்தார். கிட்டத்தட்ட அறுபது வருடக் கார் ஒழுகவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். "ஒழுகுதுன்னா உள்ள ஏதோ இருக்குன்னு அர்த்தம். உன் வண்டில ஒழுகவும் ஒண்ணும் இல்ல, ஓடவும் ஒண்ணும் இல்ல."

இரண்டு பேரும் முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படித்தான். ஒருவர் வண்டியை ஒருவர் மட்டம் தட்டாவிட்டால் இருவருக்கும் காபி இறங்காது. வெண்டல் கார் சங்கத்தில் நடுவர் வேறு, அதனால் வாய் கொஞ்சம் நீளம். அவர் குனிந்து அந்த ஈரத்தை ஒரு விரலால் தொட்டார். இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"மைலோ, இது எஞ்சின் ஆயில் இல்லடா. பிரேக் ஆயில்."

காரின் பின்பக்க இடது சக்கரம் நின்ற இடம் அது. உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் பளபளத்தது. அதிலிருந்து வாசல் வரைக்கும் பொட்டுப் பொட்டாகச் சொட்டியிருந்தது. அந்தக் காரை எடுத்துக்கொண்டு அவருடைய மகள் கொரின் கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

ஜூலையில் மைலோவுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. கிளட்சை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் செப்டம்பர் கண்காட்சிக்கு வண்டி போகாமல் இருக்க முடியுமா? ஒஹையோ ஆற்றங்கரைப் பூங்காவில் வருடத்துக்கு ஒருமுறை நடப்பது. பதினெட்டு வருடமாக ஒன்றைக்கூட மைலோ விட்டதில்லை. கொரினுக்கு இருபத்தேழு வயது, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "நான் ஓட்டிட்டுப் போறேன்பா. நீ பின்னாடி வெண்டல் மாமாகூட மெதுவா வா," என்று சாவியை வாங்கிக்கொண்டாள். தனியாக அந்தக் காரை அவள் ஓட்டுவது அதுதான் முதல் தடவை.

வீட்டிலிருந்து மலை முகட்டுச் சாலையில் பதினான்கு மைல். அங்கே போனில் சிக்னல் கிடையாது, நின்று போக ஒரு சிவப்பு விளக்கு கிடையாது. கடைசி இரண்டு மைல் ஆற்றைப் பார்த்து ஒரே இறக்கம். இறக்கத்தின் அடியில் ரயில் தண்டவாளம், அதைத் தாண்டினால் பூங்கா. மைலோவின் மனைவி ரோசன் காலை ஏழு மணியிலிருந்து அங்கேதான் நிற்கிறாள், தேவாலயப் பெண்களோடு சேர்ந்து டோனட் விற்றுக்கொண்டு. அந்த மேசையைச் சுற்றிக் குழந்தைகள் மொய்த்துக்கொண்டிருப்பார்கள்.

"உன் வண்டில பிரேக் ஆயில் ஒரே அறையிலதான?" என்று கேட்டார் வெண்டல். கேட்க வேண்டிய அவசியமே இல்லை. அதற்கு மதிப்பெண் போட்டவரே அவர்தான்.

ஒரே அறைதான். அந்தக் காலத்தில் பெரும்பாலான கார்களில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே அறையிலிருந்துதான் போகும். எங்கேயாவது ஒரு சக்கரத்தில் ஒழுகினால் போதும், நான்கிலும் பிரேக் போய்விடும். பிறகு வந்த வண்டிகளில் அறையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள், ஒன்று போனாலும் மற்றது நிற்கும். விவரம் தெரிந்தவர்கள் பழைய வண்டியை எடுத்தால் முதலில் மாற்றுவது இதைத்தான். மைலோவும் இரட்டை அறை ஒன்றை வாங்கினார். அது பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. காரணம், சங்கத்தில் 'தொழிற்சாலை முகம்' என்று ஒரு பிரிவு. உள்ளே எஞ்சினை எப்படி வேண்டுமானாலும் குடைந்துகொள், கண்ணுக்குத் தெரிவது எல்லாம் அந்த வருடத்தில் வந்தது போலவே இருக்க வேண்டும். ஒற்றை அறை, எஞ்சின் மூடியைத் திறந்ததும் முன்னால் தெரியும். அதை மாற்றினால் நான்கு மதிப்பெண் போச்சு.

வளர்ந்த மனிதர்கள்தான். பேரக்குழந்தை எடுக்கும் வயதில் இருப்பவர்கள். நான்கு மதிப்பெண்ணுக்காக.

"சரி, பதறாத," என்றார் வெண்டல். "இடது ஓரத்து மிதி இருக்கில்ல, பார்க்கிங் பிரேக்கு? பிரேக் போச்சுன்னா அத அமுக்குவா. கேபிள் பின் சக்கரத்தப் பிடிச்சுக்கும். கொரி கெட்டிக்காரிடா."

"ஆமா," என்றார் மைலோ. "அது இருக்கு."

வாய் கூசாமல் சொன்ன பொய் அது. மகளின் உயிர் ஊசலாடும் நேரத்தில்கூட நண்பனிடம் உண்மையைச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

"நீ போன் பண்ணு, ரோசனக் கூப்பிடு! கீழ இருக்கிற ஆளுங்களையெல்லாம் ரோட்ட விட்டுத் தள்ளிப் போகச் சொல்லு!" என்று கத்திக்கொண்டே நொண்டி நொண்டி ஓடி, கிளட்ச் இல்லாத தன் பிக்கப் வண்டியில் ஏறினார். வெண்டல் வீட்டுக்குள் ஓடினார்.

முகட்டுச் சாலையில் மைலோ எண்பது மைல் வேகத்தில் போனார். அந்தக் காரில் அவர் தொடாத ஒரு திருகு கிடையாது, அதனால் எங்கே எது எப்படிப் போகும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஒன்றும் தெரியாதவனாக இருந்திருந்தால் இவ்வளவு பயம் இருந்திருக்காது.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பண்ணையில் வாங்கினார். உள்ளே கோழி முட்டை போட்டிருந்தது, தரைத்தகடு கையால் பிய்த்தாலே வந்தது. முதல் இரண்டு வருடம் துரு எடுத்துத் தகடு ஒட்டினார். நான்காம் வருடம் அடர்பச்சைப் பெயின்ட். ஆறாம் வருடம் எஞ்சினைப் பிரித்தார். முன்னூற்று முப்பத்தைந்து குதிரைச் சக்தியில் வந்த வண்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து குடைந்து ஐந்நூறைத் தாண்டியது. ஓடுவதற்கு எவ்வளவோ செய்தார். நிற்பதற்கு மட்டும் பழைய டிரம் பிரேக்கே போதும் என்று விட்டுவிட்டார். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் சிலிண்டரைக்கூடப் புதிதாக வாங்கவில்லை. தொழிற்சாலையில் வார்த்த பழைய எண் அதில் இருக்கிறதே என்று அதையே தேய்த்து, ரப்பர் மாற்றிப் பூட்டினார். இன்று ஒழுகுவது அதுதான்.

பதின்மூன்றாம் வருடம் ஐந்து கியர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். அது பழையதைவிடப் பெரியது, கீழே குறுக்குச் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது. மாற்றியதும் ஓரத்து மிதியின் கேபிள் போகும் வழி அடைபட்டுப் போனது. கேபிளைக் கழற்றி வைத்தார். அடுத்த மாதம் புது வழி கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஆனால் அடுத்த வாரம் கண்காட்சி. நடுவர் வந்து உட்கார்ந்து மிதியை அமுக்கிப் பார்ப்பார், அது தொளதொள என்று போனால் மானம் போய்விடும். அதனால் மிதிக்குப் பின்னால் கெட்டியான ஒரு ஸ்பிரிங்கை மாட்டினார். அமுக்கினால் உள்ளே பல்சக்கரத்தில் கடகடவென்று பல் ஏறும், இறுக்கமாக நிற்கும். அந்த வருடம் முதல் பரிசு. அந்த அடுத்த மாதம் வராமலே ஒன்பது வருடம் போய்விட்டது.

"கடவுளே, அவ எங்கயாவது நிறுத்தியிருக்கணும். எங்கயாவது," என்று வாய்விட்டுச் சொன்னார். மைலோ தேவாலயத்துக்குப் போவது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான்.

கடவுள் பாதிதான் கேட்டார். எட்டாவது மைலில் இருக்கும் ஒரே ஒரு பெட்ரோல் பங்கில் கொரின் நின்றிருந்தாள். மைலோ அந்த வளைவைத் திரும்பும்போது அடர்பச்சைக் கார் பங்கிலிருந்து சாலைக்கு ஏறிப் போய்க்கொண்டிருந்தது. அவள் நின்ற இடத்தில் புதிதாக ஓர் ஈரம். ஷெட்டில் பார்த்ததைவிடப் பெரியது. அங்கே பிரேக் பிடித்திருக்கிறது, நின்றிருக்கிறாள். அடுத்த தடவை பிடிக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

மைலோ நெருங்கிப் போய் ஹெட்லைட்டை இரண்டு தடவை அடித்தார், ஹாரனையும் இரண்டு தடவை அடித்தார்.

அடித்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. உலகத்தில் வேறு எங்கேயாவது ஒரு தகப்பன் இப்படிச் செய்தால் மகள் வண்டியை ஓரங்கட்டியிருப்பாள். இந்த மலையில் இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். இரண்டு வெளிச்சம், இரண்டு சத்தம்: பார்த்துவிடலாமா? கொரினுக்குப் பதினாறு வயதில் அதைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். முன்னால் போன காரின் கண்ணாடி வழியாக அவளுடைய கை உயர்ந்தது, கட்டை விரல் தெரிந்தது. அடுத்த நொடி எஞ்சின் கர்ஜித்தது. பின் சக்கரத்திலிருந்து புகை கிளம்பியது. கார் விட்டால் போதும் என்று பறந்தது.

"வேணாம் கொரி! வேணாம்மா!" கண்ணாடியை இறக்கிவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினார். மரங்கள்தான் கேட்டன.

அவருக்குத் தன் கையாலேயே மகளைத் தள்ளிவிட்டது போல இருந்தது. துரத்தினால் இன்னும் வேகமாகப் போவாள், துரத்தாமல் விட்டால் இறக்கத்துக்குப் போய்விடுவாள். ஐந்நூறு குதிரை முன்னால் போகிறது, அதைப் பிடிக்க இந்த பிக்கப்பால் ஆகாது. இத்தனை வருடம் அந்தக் குதிரைகளைப் பெருமையாக எண்ணி எண்ணிச் சேர்த்த மனிதர், ஒவ்வொன்றையும் இப்போது சபித்தார்.

ஆனால் கொரினுக்கு அப்பாவைச் சீண்டுவதில் ஒரு ருசி உண்டு. பத்தாவது மைலில் அவள் ஆக்சிலரேட்டரை விட்டாள், வண்டி தானாகவே வேகம் குறைந்தது. மைலோ பக்கத்துப் பாதையில் ஏறி அவளுக்கு இணையாக வந்தார். எதிரில் யாரும் வராதது அவருடைய நல்ல காலம்.

"பிரேக்கு! பிரேக் இல்ல!" என்று கையை ஆட்டிக் கத்தினார்.

இரண்டு எஞ்சின் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அப்பா தோற்றுப் போன கோபத்தில் குதிக்கிறார் என்று நினைத்தாள். "என்னப்பா, உன் தகர டப்பா மூச்சு வாங்குதா? போ போ, ஒரு மைல் தூரம் விட்டுத் தரேன்!" என்று கத்திவிட்டு, தாராளமாகக் கையை முன்னால் நீட்டினாள். வேகத்தை இன்னும் குறைத்து அவருக்கு வழி விட்டாள்.

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை. மைலோ முன்னால் போனார். முன்னால் போய் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த நொடியில்தான் அவருக்குத் தெரிந்தது. அவளை நிறுத்த வேறு எதுவும் இல்லை, இந்த பிக்கப்பின் முதுகுதான் இருக்கிறது.

மஞ்சள் பலகை வந்தது. செங்குத்தான இறக்கம், லாரிகள் சின்ன கியரில் போகவும். சாலை கீழே கவிழ்ந்தது. தூரத்தில் ஆறும், பூங்காவில் வரிசையாக நின்ற கார்களும், வண்ண வண்ணக் குடைகளும் தெரிந்தன. மைலோ எச்சரிக்கை விளக்கைப் போட்டு வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். விளையாட்டு முடிந்தது என்று புரிந்துகொண்டு கொரினும் பிரேக்கை மிதித்தாள்.

அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் முகம் மாறியதைப் பார்த்தார். முதலில் ஒரு குழப்பம், ஏதோ தப்பாக மிதித்துவிட்டது போல. தோள் மேலும் கீழும் ஆடியது. திரும்பத் திரும்ப மிதிக்கிறாள். கியரைக் குறைத்தாள், எஞ்சின் அலறியது. அப்படியும் அந்த இறக்கத்தில் கார் நெருங்கிக்கொண்டே வந்தது. பிறகு அவளுடைய இடது தோள் ஓரமாகச் சாய்ந்து அழுந்தியது. மைலோவுக்கு அது என்னவென்று தெரியும். ஓரத்து மிதியை அமுக்குகிறாள். நின்றுவிடும் என்று நம்பி ஒரு கணம் காத்திருந்தாள். மறுபடியும் அமுக்கினாள்.

"அது ஒண்ணும் பண்ணாதும்மா," என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். அழுதுகொண்டிருந்தது அவருக்கே தெரியவில்லை.

அவளுடைய வேகத்துக்குத் தன் வேகத்தைக் கொண்டுவந்தார். ஐம்பத்தைந்து. காரின் மூக்கு கண்ணாடியை அடைத்துக்கொண்டு வந்தது. மெதுவாகத்தான் முட்ட வேண்டும், பக்கவாட்டில் நழுவினால் அவள் பள்ளத்தில் போவாள். டமார் என்று ஒரு இடி. பிக்கப்பின் பின்கொக்கி காரின் முன்பக்கக் கிரில்லுக்குள் ஏறியது. ஒட்டிக்கொண்டது என்று தெரிந்ததும் மைலோ பிரேக்கை மிதித்தார். முழு எடையையும் போட்டு மிதித்தார். ரப்பர் கருகியது, ஸ்டியரிங் கையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, இழுத்துக்கொண்டு இறங்கின. ஐம்பது. நாற்பது. ஒரு வளைவு போனது, ஒரு வீடு போனது. கீழே யாரோ குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஓடுவது தெரிந்தது. இருபது. பத்து.

தண்டவாளத்துக்கு இருநூறு அடி மேலே நின்றார்கள்.

மைலோ கதவைத் திறந்துகொண்டு இறங்கியபோது முழங்கால் மடங்கி விழுந்தார். எழுவதற்குள் கொரின் ஓடி வந்துவிட்டாள். அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதாள். பின்னால் காரின் மூக்கு நசுங்கி, ரேடியேட்டரிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

"நீ இல்லன்னா செத்திருப்பேன்பா. நான் ஒரு முட்டாள், நீ பந்தயம் விடுறேன்னு நினைச்சு... உன் வண்டியப் போய் இப்படி..."

"வண்டி கிடக்கட்டும். வண்டி கிடக்கட்டும்மா." அவர் அவளுடைய தலையைத் தடவினார், கையைத் தடவினார், எங்கேயும் அடிபடவில்லை. உயிர் போய் உயிர் வந்தது.

"ஓரத்து மிதிய அமுக்கினேன்பா. சரியாத்தான் அமுக்கினேன். பயத்துல ஏதோ தப்பு பண்ணிட்டேன் போல. என் மேலதான் தப்பு."

மைலோ எழுந்திருக்கப் பார்த்தார். அதற்குள் வெண்டலின் கார் பின்னால் வந்து நின்றது. வெண்டல் மூச்சு வாங்க ஓடி வந்து, இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு கொரின் சொன்னதைக் கேட்டார்.

"உன் மேல என்னம்மா தப்பு? பழைய கேபிளு. பதட்டத்துல ஓங்கி மிதிச்சிருப்ப, பட்டுனு அறுந்திருக்கும். யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. என்னடா மைலோ?"

வெளியே போக ஒரு வாசலை நண்பர் அகலமாகத் திறந்து வைத்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும். யாரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கப் போவதில்லை. மகளுக்குக் கடைசி வரைக்கும் அவர் உயிரைக் காப்பாற்றிய அப்பாவாகவே இருப்பார். மைலோ தலையை ஆட்டத்தான் நினைத்தார். ஆனால் கொரின் இன்னும் தன் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அந்தக் கால்தான் ஏதோ குற்றம் செய்துவிட்டது போல.

"அறுந்து போகல கொரி," என்றார். "கேபிளே இல்ல."

"என்னப்பா சொல்ற?"

"கியர் பெட்டி மாத்தினப்போ கழட்டினேன். ஒன்பது வருஷம் ஆச்சு. திரும்ப மாட்டல."

"ஆனா இறுக்கமா இருந்துச்சே. பல்லு ஏறுச்சு. சத்தம்கூடக் கேட்டுச்சு."

"ஸ்பிரிங் போட்டு வச்சிருந்தேன்."

"எதுக்கு?"

மைலோ வெண்டலைப் பார்க்காமல் சொன்னார். "இவன் அமுக்கிப் பார்ப்பான்னு."

வெண்டல் எழுந்து தள்ளிப் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொரின் அழுகையை நிறுத்திவிட்டாள். அவர் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் குரலில், ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள்.

"மேல, அந்த மஞ்சள் பலகைக்குப் பக்கத்துல, வலப்பக்கம் மண்மேடு இருக்குப்பா. பிரேக் போனதும் அதுல ஏத்திடலாம்னுதான் முதல்ல நினைச்சேன். அப்போ வேகமும் கம்மி. மிதிய அமுக்கினேன், இறுக்கமா பிடிச்சுது. அதனால நம்பினேன். பிடிக்குது, பிடிக்குதுன்னு ரெண்டு தடவ அமுக்கினேன். மண்மேடு போயிடுச்சு."

அவள் எழுந்து சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு போனை எடுத்தாள். இங்கே சிக்னல் இருந்தது. கீழே பூங்காவில் டோனட் மேசைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் மலையைப் பார்த்துக்கொண்டே போனைக் காதில் வைப்பது தெரிந்தது.

"அம்மா, எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அழாத. வண்டி எடுத்துட்டு மேல வா, என்னக் கூட்டிட்டுப் போ," என்றாள் கொரின். "ஆமா, அப்பா இங்கதான் இருக்காரு. இல்லம்மா, அவருகூட நான் வரமாட்டேன்."